ரியல் எஸ்டேட் மைனர்: மட்டக்களப்பில் சில வருடப் பாவனைக்குப் பிறகு

அக்காவின் மகள் அமெரிக்காவில் பொருளியல் படிக்கிறாள். இரண்டாம் வருடம் முடிகிறது. "சின்னம்மா, நீங்க எடுத்த அந்த ரியல் எஸ்டேட் மைனரை நானும் எடுக்கவா? ஊருக்கு வந்தா உதவுமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். குரல் பதிவில் சொல்லத் தொடங்கினேன், முடியவில்லை. இதே கேள்வியோடு இன்னும் சில பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் எழுதியே விடுகிறேன்.

மைனர் என்றால் முதன்மைப் பாடத்தோடு சேர்த்து எடுக்கும் துணைப் பாடம். எத்தனை கிரெடிட், என்னென்ன பாடம் என்பதெல்லாம் அந்தந்தப் பல்கலைக்கழகமே சொல்லும். என் முதன்மைப் பாடமும் பொருளியல்தான். இப்போது மட்டக்களப்பில் வளவுகளை வாங்கிப் பிரித்து விற்பது, வீடு கட்டிக் கொடுப்பது என்று சிறிய அளவில் தொழில் செய்கிறேன். ஆகவே படித்ததை வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

அந்தப் படிப்பில் எனக்கு இன்றுவரை அலுக்காத ஒன்று இருக்கிறது. பின்னாலிருந்து முன்னே வரும் கணக்கு அது. ரெசிடுவல் முறை என்பார்கள்.

நம் ஊரில் காணி விலை பேர்ச் கணக்கில் (ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி), பக்கத்து வளவைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. "அடுத்த வளவு பேர்ச் ரெண்டு இலட்சத்துக்குப் போச்சு, இதுக்கு ஒண்டே முக்காலாவது தாங்க" என்பார்கள். ரெசிடுவல் கணக்கு அப்படிப் போகாது. 80 பேர்ச்சஸ் தென்னங்காணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே பாதை போட்டால் 12 பேர்ச்சஸ் போய்விடும். மிச்சம் 68. பேர்ச் 2 இலட்சம் என்று விற்றால் 136 இலட்சம் வரும். பாதை, வடிகான், மதகு, அளவை, உறுதி (காணிப் பத்திரம்) எழுத்து, புரோக்கர் காசு எல்லாமாக 26 இலட்சம். கடன் வட்டியும் நம் இலாபமும் 30 இலட்சம். மீதி 80 இலட்சம். ஆகவே அந்தக் காணிக்கு நான் கொடுக்கக்கூடிய உச்ச விலை பேர்ச்சுக்கு 1 இலட்சம்தான்.

2 இலட்சத்துக்கு விற்கப்போகிறவள் 1 இலட்சத்துக்குக் கேட்கிறாளே என்று முதலில் எல்லோருக்கும் கோபம் வரும். தாளில் வரி வரியாக எழுதிக் காட்டினால் குறையும். ஒருவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், மகனோடு சேர்ந்து தானே பிரித்து விற்றார். எனக்கு அந்த வியாபாரம் போனது. ஆனாலும் எனக்கு நிறைவாக இருந்தது, அந்தக் கணக்கு யார் கையிலும் வேலை செய்கிறது என்பதால்.

2022இல் எங்களைக் காப்பாற்றியதும் இதே கணக்குத்தான். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வருடக் கடைசியில் அரசின் குறுங்காலக் கடன் பத்திரமான திறைசேரி உண்டியலே 30 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது. அப்படியொரு வீதத்தைப் போட்டுக் கழித்தால் இரண்டு வருடம் கழித்து வரும் காசுக்கு இன்று பெறுமதியே இல்லை. கையிலிருந்த திட்டத்தை நிறுத்தினோம். சீமெந்து விலை ஏறின வேகத்தில் பலருடைய வீடுகள் அரைச் சுவரோடு நின்ற காலம் அது.

எங்களுக்குப் படிப்பித்தவர்களில் ஒருவர் தொழிலில் இருந்து வந்தவர். ஒரு காணியை இரவிலும் பார், மழையிலும் பார் என்பார். அமெரிக்காவில் இருந்தபோது அது எனக்குச் சாதாரண அறிவுரையாகப் பட்டது. மட்டக்களப்பில் அது சட்டம் மாதிரி. ஆவணி மாதம் பார்த்தால் இங்கே எல்லாக் காணியும் அழகுதான். மார்கழியில் வாவி நிறைந்து, பாலமீன்மடுவில் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிடும் வரை தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்தவர்தான் காணி பார்த்தவர். வெளிநாட்டிலிருந்து ஆவணி லீவுக்கு வந்து காணி வாங்கிப் போகும் சொந்தங்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

ஒரு நிலத்தின் மிகச் சிறந்த பயன் எது என்று பார்க்க நான்கு கேள்விகள் சொல்லித் தருவார்கள்: சட்டம் விடுமா, நிலம் தாங்குமா, காசு கட்டுமா, இருப்பவற்றில் எது அதிகம் தரும். இரண்டாவது கேள்வியை கல்லடியில் கேட்டுப் பாருங்கள். 10 பேர்ச்சஸ் என்பது 2,722 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடி. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் ஒன்று இந்த மூலையில், மற்றது அந்த மூலையில். அப்போதும் மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குழி எங்கே இருக்கிறதோ! மணல் தரை வேறு. சிறு துண்டுகளாக வெட்டி விற்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அந்தக் கிணற்றில்தான் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போகிறார்கள். இந்தக் கேள்வியால்தான் நான் துண்டுகளைப் பெரிதாக விடுகிறேன். வருமானம் குறைகிறது, பரவாயில்லை.

இத்தனை நல்லதையும் சொல்லிவிட்டேன். இனி என் கோபத்தைச் சொல்கிறேன்.

காணி யாருடையது என்ற கேள்விக்கு அந்தப் படிப்பில் கிடைத்த இடம் மிகச் சிறியது. சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரி. உரித்து ஆய்வு, உரித்தில் பிழை வந்தால் நட்டம் தர ஒரு காப்புறுதி, முடிந்தது, அடுத்த வரிக்குப் போ. உரித்துக் காப்புறுதி அங்கே 1876இல் பிலடெல்பியாவில் தொடங்கிய தொழில். அதில் அவர்கள் சாய்ந்து நிற்கிறார்கள். சாய்ந்து நிற்பது கூடத் தெரியாத அளவுக்குப் பழகிவிட்டது. மாணவர்களுக்குக் கொடுத்த எல்லாச் செயற்றிட்டங்களிலும் காணி வெள்ளைத் தாள்போலச் சுத்தமாகக் கையில் வந்தது. என் வேலை நாளில் பெரும்பகுதி அந்த ஒரு வரிக்குள்ளேதான் கழிகிறது.

அதே 1876இல் இங்கே திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் வந்தது. மட்டக்களப்பின் பழைய வழக்கச் சட்டமான முக்குவர் சட்டம் வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத்தாருக்குள்ள தேசவழமை என்ற வழக்கச் சட்டம் நமக்கில்லை. மட்டக்களப்புத் தமிழர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் பாதி துணைக்கு, மறு பாதி பிள்ளைகளுக்கு. கேட்க நேர்த்தியாக இருக்கிறது, இல்லையா? அம்மப்பா இறக்கிறார். அம்மம்மாவுக்கு 1/2, நான்கு பிள்ளைகளுக்கும் தலா 1/8. அப்புறம் ஒரு மகன் இறக்கிறார். அவர் மனைவிக்கு 1/16, இன்னொரு 1/16 அவர்களுடைய பிள்ளைகளுக்கு. அவர்கள் சுவிஸில். அம்மம்மாவும் இறந்தால் அவருடைய பாதி மறுபடி உடைகிறது. வேலியெல்லாம் தெளிவாக இருக்கும், ஊரில் யாரைக் கேட்டாலும் யாருடைய வளவு என்று சொல்வார்கள், ஆனால் கடதாசியில் அது பிரிக்கப்படாத பங்கு. கையெழுத்து ஒன்று குறைந்தால் மேலே சொன்ன என் அழகான கணக்கு முழுவதும் நின்றுவிடும். பிரிவினை வழக்குப் போட்டால் வழக்குப் போட்டவரின் பிள்ளைகள் தீர்ப்பைக் கேட்கலாம். காத்தான்குடிக்கும் கல்முனைக்கும் போனால் முஸ்லிம்களுக்கு 1931இன் தனிச் சட்டம், பங்குகளும் வேறு.

வங்கிக்காக உரித்துத் தேடும்போது சட்டத்தரணி 30 வருடம் பின்னோக்கிப் போவார். வேறு ஊர்களில் அது வழக்கமான ஒரு வேலை. வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமாக உள்ள எழுவான்கரையில் 30 வருடம் பின்னே போனால் போருக்குள்ளே போய் நிற்போம். 1990இல் ஓடியவர்கள் உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டா ஓடினார்கள்? இந்த நாட்டில் ஒருவருடைய காணியை 10 வருடம் எதிர்ப்பின்றி ஆண்டால் உரிமை கோரலாம். போரினால் தன் காணிக்குப் போக முடியாமல் இருந்தவரின் நிலை என்ன? 2016இல்தான் அதற்கு ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுத்தார்கள். வழக்குப் போட அவகாசம் 2 வருடம். கனடாவில் இருந்த எத்தனை பேருக்கு அது காதில் விழுந்திருக்கும்?

வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கும் அம்பாறையின் கல்லோயாக் குடியேற்றங்களுக்கும் போனால் இன்னொரு உலகம். 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணிகள். பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. அந்தச் சட்டத்தின் வாரிசு அட்டவணையில் 2022 திருத்தம் வரும் வரை ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை. இங்கேதான் எனக்கு வயிறு எரியும். நம் பக்கத்தில் வீடு மகளுக்கு. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். அப்பா பெர்மிட் காணியில் மகளுக்கென்று வீடு கட்டுவார், மருமகன் வந்து குடியிருப்பார், எல்லோருக்கும் அது அவளுடைய வீடு. 2022க்கு முன் வாரிசு நியமிக்காமல் அப்பா இறந்திருந்தால் சட்டம் மூத்த மகனைத்தான் தேடியது. தம்பிமார் நல்லவர்களாக இருப்பதால்தான் பல பெண்கள் இன்னும் தங்கள் வீட்டில் இருக்கிறார்கள். சட்டத்தால் இல்லை.

சென்ற மாதம் ஒரு வங்கி எங்களிடம் வீடு கட்ட வந்த அம்மா ஒருவரின் கடன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. பழைய உறுதி ஒன்றின் பதிவுப் பக்கம் சிதைந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். "மகள், இது எங்கட அம்மாட வளவு. ஊருக்கே தெரியும். மறுகா என்னத்துக்கு இத்தனை கடதாசி?" என்று கேட்டார். என் சான்றிதழில் அதற்குப் பதில் இல்லை.

நியாயமாகப் பேசினால், அவர்கள் தங்கள் நாட்டுக்குப் படிப்பித்தார்கள். 30 வருடத்துக்கு வட்டி மாறாத வீட்டுக் கடன் அவர்களுக்கு உண்டு, உரித்துக் காப்புறுதி உண்டு, எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் வலயச் சட்டத்துக்கு 1926இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. மட்டக்களப்பின் வாவி அவர்களுக்கு எப்படித் தெரியும்? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிய குடும்பங்கள் எப்போது, எங்கே உருவாகின்றன என்பதிலிருந்தே வீட்டுத் தேவையைக் கணி என்று அங்கே படித்தேன். அந்தப் பாடம் இங்கே பொன். கலியாணத்துக்குப் பிறகு வீடு தேடுவது அவர்கள் வழக்கம். நம்மிடம் வீடு வந்த பிறகுதான் கலியாணம். ஆகவே எங்கள் சந்தை ஆய்வின் முதல் கேள்வி, அந்தப் பகுதியில் எத்தனை வீட்டில் பெண் பிள்ளைகள், என்ன வயது என்பதுதான். வங்கி வட்டியைவிட அதுதான் கட்டுமானத்தை நகர்த்துகிறது. தம்பி கட்டாரில் நின்று அனுப்பும் காசு அக்காவின் கூரையாகிறது. காத்தான்குடியில் பக்கவாட்டில் இடமில்லாததால் இளைய மகளுக்கு மேல் மாடி. இப்படிப் பார்க்கக் கண் கொடுத்தது அந்தப் படிப்புத்தான், மறுக்க மாட்டேன்.

ஆனாலும் காணி யாருடையது என்பதை இவ்வளவு இலேசாகக் கடந்துபோகும் படிப்பு, நிலத்தைப் பற்றிய படிப்பாக முழுமையாகாது. போர் கண்ட ஊர், அகதியான சனம், பிரியாத பங்கு, இதெல்லாம் மட்டக்களப்பில் மட்டுமா இருக்கிறது? உலகத்தில் பாதி இடம் இப்படித்தானே. வகுப்பில் நம்மைப் போன்ற ஊர்களிலிருந்து வந்தவர்கள் பலர் இருந்தோம். எங்களுக்காக ஒரு கிழமையாவது ஒதுக்கியிருக்கலாம். இதை நினைத்து எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே, மகள், உனக்கு என் பதில். அங்கேயே வேலை தேடப் போகிறாய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடு. ஊருக்கு வரப் போகிறாய் என்றால் எடுக்காதே. அந்தக் கிரெடிட்டுகளை நில அளவைக்கும் நீரியலுக்கும் சொத்துச் சட்டத்துக்கும் கொடு. ஆறு மாதம் லீவு கிடைத்தால் இங்கே உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் போய் இருந்து பழைய உறுதி வாசிக்கப் பழகு. ரெசிடுவல் கணக்கை நான் சொல்லித் தருகிறேன், ஒரு பின்னேரம் போதும். மார்கழியில் வா, தண்ணீர் நிற்கிற நேரமாகப் பார்த்து.