க்ளோசரை எப்போது இறக்குவது: ஷோவால்டர் வழியா, ஃபிராங்கோனா வழியா?

2016 அக்டோபர் 4, டொரன்டோ. அமெரிக்க பேஸ்பாலில் தோற்றால் மூட்டை கட்ட வேண்டிய வைல்டு கார்டு ஆட்டம். முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் பந்துவீச்சாளரான க்ளோசரை எப்போது இறக்குவது என்ற கேள்வி அங்கே எழுந்தது. 11-வது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி, அதாவது உள்ளூர் அணி டொரன்டோ பேட் செய்யும் பாதி, ஸ்கோர் 2-2. வெளியூர் அணி பால்டிமோர் கையில் அந்த ஆண்டின் அசத்தலான ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் பந்துவீச்சாளர்), க்ளோசர் ஸாக் பிரிட்டன் இருக்கிறார்: 47 சேவ் வாய்ப்பில் (சிறு முன்னிலையைக் கடைசிவரை காத்தால் கிடைப்பது சேவ்) 47-ஐயும் காப்பாற்றியவர், ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்ட ரன்) 0.54. பால்டிமோர் மேனேஜர் பக் ஷோவால்டரோ அவரை விட்டுவிட்டு உபால்டோ ஹிமெனெஸை இறக்கினார். வரிசையாக இரண்டு சிங்கிள் (பேட்டர் முதல் பேஸை எட்டும் அடி). அடுத்த பந்தை டொரன்டோவின் எட்வின் என்கர்நாசியோன் மூன்று ரன் ஹோம் ரன்னாக்கி ஆட்டத்தை முடித்தார். பிரிட்டன் கடைசிவரை ஒரு பந்துகூட வீசவில்லை.

ஷோவால்டர் கணக்கு புரியாததல்ல. வெளியூர் அணி முன்னிலை பெற்றாலும் கீழ்ப்பாதியில் மூன்று அவுட் எடுத்தாக வேண்டும். அதற்கு நல்ல ஆள் கையில் வேண்டும். சரி, அந்த முன்னிலை வரவே இல்லையென்றால்? சமநிலையில் ஒரு ரன் விட்டாலே ஆட்டம் காலி. மூன்று ரன் முன்னிலையிலோ இரண்டு விட்டாலும் ஜெயிக்கலாம். ஆனால் சேவ் கிடைப்பது அந்தச் சுலபமான வேலைக்குத்தான். 1969-ல் அதிகாரபூர்வமான ஒரு புள்ளிவிவரம், மேனேஜர்களின் கையை இத்தனை காலம் கட்டிப்போட்டிருப்பது வேடிக்கைதான்.

இரண்டே நாள் கழித்து, கிளீவ்லாந்தின் டெர்ரி ஃபிராங்கோனா பாஸ்டனுக்கு எதிராக ஒரு ரன் முன்னிலையில், ஐந்தாவது இன்னிங்ஸிலேயே தன் சிறந்த ரிலீவர் ஆண்ட்ரூ மில்லரை அழைத்துவிட்டார். 40 பந்து வீசவைத்தார். அடுத்த சுற்றில் டொரன்டோவுக்கு எதிராக மில்லர் 7⅔ இன்னிங்ஸில் 14 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) எடுத்தார், ஒரு ரன்கூடத் தரவில்லை. தொடர் நாயகனும் அவர்தான்.

என் ஓட்டு ஃபிராங்கோனாவுக்கு. ஆனால் வழக்கமான கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதைப் பார்த்துக்கொள்ள அவரிடம் க்ளோசர் கோடி ஆலன் இருந்தார். அக்டோபரில் இடையிடையே ஓய்வு நாளும் உண்டு. 162 ஆட்ட சீசனில் இப்படி இழுத்தால் தோள்பட்டை தாங்காது. இறுதிச் சுற்றான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் மில்லரே சிகாகோ கப்ஸின் டேவிட் ராஸிடம் ஹோம் ரன் வாங்கினார். அந்தப் பக்கம், முந்தைய ஆட்டத்தில் பெரிய முன்னிலை இருந்தும் வீசவைக்கப்பட்ட கப்ஸ் க்ளோசர் சாப்மன், எட்டாவதில் கிளீவ்லாந்தின் ராஜாய் டேவிஸிடம் ஹோம் ரன் வாங்க, ஆட்டம் 6-6.

அதனால் சாதாரண சீசனில் மூன்று ரன் முன்னிலையை இரண்டாம் நிலை ரிலீவரிடம் விடலாம். ஒரு ரன் முன்னிலை, எட்டாவதில் எதிரணியின் முதல் மூன்று பேட்டர்கள் வருகிறார்கள் என்றால் க்ளோசர் அப்போதே வரட்டும். ஒன்பதாவதில் வரப்போகிறவர்களை மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும்.