கில்ஜி வெள்ளித் தங்கா என்று விற்கும் போலிக் காசு: வாங்குமுன் படியுங்கள்

பழங்காசு வாங்கும் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அசல் காசின் படத்தைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு, அதிலிருந்து வார்த்தெடுத்த போலியை அனுப்பும் ஒரு விற்பனையாளரிடம் நான் பணத்தை இழந்திருக்கிறேன். இன்னொருவரும் இதே காசை வாங்கி ஏமாந்திருக்கிறார் என்று தெரிந்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. புகார் நடப்பதால் பெயர் போடவில்லை. அவர் வேலை செய்யும் விதத்தை மட்டும் சொல்கிறேன்.

டெல்லி சுல்தான்கள் காலத்துக் காசுகளை நான் வெகுநாளாகச் சேர்த்து வருகிறேன். அதில் அலாவுதீன் கில்ஜியின் (1296–1316) தங்கா என்ற வெள்ளிக் காசு ஒன்று வேண்டும் என்பது பழைய ஆசை. அவருடைய தளபதி மாலிக் காபூர் 1311இல் மதுரை வரை வந்தவர். அந்தக் காலத்துக் காசு ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று மதுரைப் பக்கத்துக்காரனுக்குத் தோன்றாதா?

அந்த ஆள் முகநூல் குழுக்களிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறார். எடுத்ததும் ‘அண்ணா’ என்பார். அழகான படம் அனுப்பினார். எடை கேட்டேன், தராசில் வைத்தே படம் எடுத்து அனுப்பினார், 10.9 கிராம். விளிம்பைக் காட்டச் சொன்னேன், அதற்கும் படம் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது, ஏனென்றால் படத்தில் இருந்தது அசல் காசு. பணம் அனுப்பினேன். கூரியரில் வந்தது வேறு காசு.

பிரித்துக் கையில் எடுத்ததுமே உறுத்தியது. அலாவுதீன் தங்காவின் ஒரு பக்கம் முழுக்கச் சுல்தானின் பட்டங்கள். மறுபக்கம் நடுவில் வட்டம்; அதற்குள் ‘சிக்கந்தர் அஸ்ஸானி’, அதாவது இரண்டாம் அலெக்சாண்டர், என்று தொடங்கும் வாசகம். வட்டத்துக்கு வெளியே காசு அடித்த அக்கசாலையின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் ஓடும். ஆண்டை எண்ணாக இல்லாமல் அரபிச் சொற்களாக எழுதியிருப்பார்கள். அசல் காசிலும் இந்த வெளிவட்ட எழுத்து பாதி வெட்டுப்பட்டுத்தான் கிடைக்கும். ஆனால் விழுந்திருக்கும் எழுத்து கத்தியால் கீறியது போலக் கூர்மையாக இருக்கும், சுத்தியல் அடியில் பதிந்தது அல்லவா. எனக்கு வந்ததில் எழுத்தின் அடிவாரமெல்லாம் உருண்டு மழுங்கிக் கிடந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெற்றிடங்களில் ஊசி முனை அளவுக்குக் குழிகள். விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒரு கோடு, அதையும் அரம் போட்டு ராவியிருந்தார்கள். இரண்டு அச்சுப் பாதிகள் சேரும் இடத்தில் வார்ப்பில் வரும் கோடு அது.

தெரிந்த நகைக்கடையில் எடை போட்டேன்: 9.1 கிராம். பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்துப் பார்த்தோம். காற்றில் உள்ள எடையைத் தண்ணீரில் குறைந்த எடையால் வகுத்தால் அடர்த்தி வரும். நல்ல வெள்ளி 10.5ஐ ஒட்டி வரவேண்டும். இதற்கு வந்தது 8.7. வெள்ளி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவரிடம் கேட்டபோது வந்த பதில்தான் என்னை அதிகம் கோபப்படுத்தியது. “அண்ணா, சுல்தான்கள் பின்னாளில் எடையைக் குறைத்துவிட்டார்கள், 9 கிராம் காசும் உண்டு” என்றார். விஷயம் தெரியாதவர் இதைக் கேட்டு அடங்கிவிடுவார், ஏனென்றால் அதில் பாதி உண்மை. முகமது பின் துக்ளக் 1325இல் ஆட்சிக்கு வந்தபிறகு, ஏறத்தாழ 9 கிராமில் ‘அத்லி’ என்ற வெள்ளிக் காசை வெளியிட்டது நடந்ததுதான். ஆனால் அலாவுதீன் 1316லேயே இறந்துவிட்டார். முந்தைய சுல்தான் இல்துமிஷ் காலத்தில் நிலைபெற்ற 11 கிராம் அளவை ஒட்டித்தான் அலாவுதீன் பெயரில் தங்கா அடித்தார்கள். அவர் பெயர் போட்ட காசு துக்ளக்கின் எடையில் எப்படி வரும்? இதைச் சொன்னதும் பேச்சு மாறி, “சர்டிபிகேட் கொடுத்திருக்கிறேனே” என்று ஆரம்பித்தார்.

அந்தச் சான்றிதழையும் பாருங்கள். பளபளப்பான அட்டை, மூலையில் ஹாலோகிராம், ‘காசில் உள்ள வாசகம்: அலாவுதீன் கில்ஜி’ என்று அச்சிட்டிருக்கிறது. தங்காவில் கில்ஜி என்ற சொல்லே கிடையாது. அதில் இருப்பது ‘அலாவுத்துனியா வத்தீன்’ என்ற பட்டமும் ‘முகமது ஷா’ என்ற பெயரும். காசைப் படிக்கத் தெரிந்த யாரும் அந்த அட்டையை எழுதவில்லை. யார் பரிசோதித்தார், என்ன முறையில், எங்கே என்று ஒரு வரி இல்லாத சான்றிதழுக்கு மதிப்பே கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். தரமாட்டாராம், வேண்டுமானால் ஈடாகத் துக்ளக்கின் பித்தளைக் காசு ஒன்று தருவாராம். 1330 வாக்கில் வெள்ளித் தங்காவுக்குச் சமமாகச் செல்லும் என்று துக்ளக் ஆணையிட்ட அதே அடையாளக் காசு. அந்தக் காலத்திலேயே வீட்டுக்கு வீடு கள்ளக்காசு அடித்தார்கள் என்று அக்கால வரலாற்றாசிரியர் பரணி எழுதியிருக்கிறார். திட்டத்தைக் கைவிட்ட சுல்தான், கொண்டுவந்த பித்தளைக்கெல்லாம் கஜானாவிலிருந்து பொன்னும் வெள்ளியும் கொடுத்தார். மாற்றிய காசுகள் துக்ளகாபாத்தில் மலைபோல் குவிந்து கிடந்தன. என்ன பிழை செய்திருந்தாலும் அந்த மனிதர் தன் காசுக்குத் தானே ஈடு கட்டினார். நம் ஆள் நான் மறுத்த அன்றே என்னை பிளாக் செய்துவிட்டார்.

அதன்பிறகு ஒரு குழுவில் இதே விற்பனையாளரிடம் வாங்கிய இன்னொருவரைச் சந்தித்தேன். அவருடைய காசின் படத்தையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழைய வெள்ளிக் காசுகளில் சராப்புகள், அதாவது காசு மாற்றுபவர்கள், வெள்ளியின் தரம் பார்க்கக் குத்திய சிறு தழும்புகள் இருப்பது உண்டு. அவை பிற்பாடு ஒவ்வொரு காசிலும் தனித்தனியாகக் கையால் குத்தியவை. எங்கள் இரண்டு காசிலும் ‘சிக்கந்தர்’ என்ற சொல்லுக்குச் சற்று மேலே, ஒரே இடத்தில், பிறை போல வளைந்த ஒரே தழும்பு. விளிம்பில் ஒரே இடத்தில் ஒரே வெட்டு. கையால் அடித்த காசுகள் ஒரே அச்சிலிருந்து வந்தாலும் அடி விழுந்த கோணமும் தகட்டின் வடிவமும் மாறும். தழும்பு வரை ஒத்துப்போனால் அது ஒரே காசிலிருந்து எடுத்த வார்ப்பு. வேறு விளக்கம் இல்லை.

இன்னொன்று. ‘எங்கள் ஊரில் நிலம் தோண்டும்போது பானையில் கிடைத்தது’ என்ற கதையையும் அவர் சிலரிடம் சொல்கிறார். பெரும்பாலும் பொய். உண்மையாகவே இருந்தால் அது இன்னும் ஆபத்து. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டில் உள்ளவர்களும் கவனிக்கவும்: நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், தனியார் அதை ஏற்றுமதி செய்யக் கூடாது.

படத்தை நம்பி வாங்குகிறவர்கள் இனி வீடியோ கேளுங்கள். உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதிய தாளின் மேல் காசை வைத்து, தராசோடு, விளிம்பு முழுவதும் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள், அலாவுதீன் தங்கா அப்படியொன்றும் கிடைக்காத காசு அல்ல. நேரில் கண்காட்சிகளிலேயே கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். வந்த பொட்டலத்தைப் பிரிக்கும்போதும் இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். என்னிடம் அது இருந்ததால்தான் “நீங்களே மாற்றிவிட்டீர்கள்” என்ற அவருடைய வாதம் எடுபடவில்லை.

நான் சைபர் குற்ற உதவி எண் 1930இல் புகார் பதிந்துவிட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915லும் சொல்லியிருக்கிறேன். அந்த ஆள் இன்றும் அதே படத்தைப் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார். ‘சிக்கந்தர்’ மேலே பிறைத் தழும்பு உள்ள தங்கா உங்களிடம் வந்திருந்தால் எடை போட்டுப் பாருங்கள். 9 கிராமை ஒட்டி இருந்தால் பணம் அனுப்பிய ரசீதோடு உடனே புகார் கொடுங்கள். தனித்தனியாக அலைவதைவிட எல்லாப் புகாரும் ஒரே பெயரில் சேர்ந்தால் வழக்கு நிற்கும்.