தகடு ஷெட்டும் இடிதாங்கியும்: ஏழு வருச அனுபவம்

2017 ஐப்பசியில் இடி விழுந்தது எங்கள் பண்ணையில் இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பனைமரத்தில். ஷெட்டில் ஒரு தகடுகூடப் பிய்யவில்லை. ஆனால் விடிவதற்குள் 2,300 கோழி செத்துக் கிடந்தது.

பல்லடம் பக்கம் எங்களுக்கு 300 அடி நீளம், 40 அடி அகலத்தில் ஈ.சி. ஷெட், அதாவது காற்றையும் சூட்டையும் கருவியே கட்டுப்படுத்துகிற அடைப்புக் கோழிக் கொட்டகை. நாலு பக்கமும் அடைப்பு, ஒரு கோடியில் தண்ணீர் வழிந்து காற்றைக் குளிர்விக்கும் கூலிங் பேட், மறு கோடியில் பெரிய ஃபேன்கள். காற்று நின்றுபோனால் 31 நாள் கோழி அதிக நேரம் தாங்காது. அன்றைக்குக் கரண்ட் கம்பி வழியே வந்த அடி, ஃபேன் கன்ட்ரோலரையும் ஜெனரேட்டரைத் தானாக எடுக்கிற பேனலையும் ஒரே நேரத்தில் தீர்த்துவிட்டது. அலாரமும் அந்தக் கன்ட்ரோலரில்தான் இருந்தது, அதனால் அதுவும் ஊமை. இடிச் சத்தத்தில் எழுந்த என் மனைவி வழக்கம்போல ‘அர்ஜுனா அர்ஜுனா’ என்றவள், ஃபேன் சத்தம் கேட்கவில்லையே என்று சொன்ன பிறகுதான் ஓடினேன். பக்கப் படுதாவை இறக்கி, ஜெனரேட்டரைக் கையில் எடுத்து ஃபேனுக்கு நேரடியாகக் கொடுக்க முக்கால் மணி நேரம் ஆனது.

அடுத்த வாரமே இடிதாங்கி விற்கிறவர் வந்தார். கம்பத்தின் உச்சியில் உருண்டையாக ஒரு கருவி, சுற்றிலும் 100 மீட்டருக்குக் குடை பிடித்த மாதிரி காக்கும், ஒன்றேகால் லட்சம் என்றார். வாங்கும் எண்ணத்தில்தான் இருந்தேன். கோவையில் கட்டட மின்வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் தடுத்தான். நம் நாட்டில் இதற்கான தரவிதி ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305. அதில் இந்த ‘முன்கூட்டியே இழுக்கும்’ வகைக்கு இடமே இல்லை, பிரான்சில் அதற்குத் தனி விதி வைத்திருக்கிறார்கள் என்றான். ‘அதுவுமில்லாம, உன் கோழியைக் கொன்னது மேலேயிருந்து வந்த இடி இல்லைடா, கம்பியில வந்தது’ என்றான். அந்த ஒரு வார்த்தைதான் பணத்தை எங்கே போடுவது என்பதை முடிவு செய்தது.

2018 சித்திரையில் வேலை செய்தோம். தகடு இடியை இழுக்கும் என்று ஊரில் சொல்வார்கள். இழுப்பது உயரமும் தனியாக நிற்பதும்தான். ஓலைக் கொட்டகையானாலும் மேட்டில் தனியாக நின்றால் விழும். நல்ல எர்த் உள்ள இரும்பு ஷெட்டில் மின்சாரம் கூரை, டிரஸ், தூண் என்று பரவி மண்ணுக்குப் போய்விடும். எங்கள் ஷெட்டின் கோளாறு, இரும்புத் தூண்கள் கான்கிரீட் மேடை மேல் போல்ட்டில் நின்றதுதான். மண்ணோடு அவற்றுக்குச் சொந்தமில்லை. எனவே தூணையே இறங்குகம்பியாக வைத்துக்கொண்டு, 15 மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் 14 தூணின் அடியிலிருந்து 25-க்கு 3 மில்லிமீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையை இறக்கி, ஷெட்டைச் சுற்றி மண்ணுக்குள் ஒரு வளையம் போட்டோம். ஆறு இடத்தில் 3 மீட்டர் எர்த் ராடு. ஆள் இல்லாத தோட்டத்தில் செம்புப் பட்டை எத்தனை நாள் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, அதனால்தான் ஜி.ஐ.

சண்டை வந்தது எர்த்தை ஒன்றாகச் சேர்ப்பதில். எங்கள் எலக்ட்ரீசியன் ஒத்துக்கொள்ளவே இல்லை. ‘அண்ணா, இடிதாங்கி எர்த்து தனி, மெயின் எர்த்து தனின்னுதானுங்க வெக்கோணும். சேத்தீங்கன்னா இடி பேனலுக்குள்ள வந்துரும்’ என்றார். பாதி எலக்ட்ரீசியன்கள் இப்படித்தான் நம்புகிறார்கள். கணக்குப் போட்டால் புரியும். சாதாரண மின்னலே 30,000 ஆம்பியர். எர்த் 5 ஓம் இருந்தால் அந்த நொடியில் ஷெட் முழுக்க ஒன்றரை லட்சம் வோல்ட்டுக்கு ஏறி நிற்கும். மெயின் எர்த் தனியாக வேறு இடத்தில் சும்மா இருந்தால், இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது கன்ட்ரோலர்தான். எல்லாம் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால் நடுவில் பாய எதுவும் இல்லை. மெயின், ஜெனரேட்டர், தீவன லைன், கோழி தண்ணீர் குடிக்கிற நிப்பிள் லைன் குழாய் எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கட்டினோம்.

கம்பி வழியே வருகிற அடியை எர்த்துக்குத் திருப்பிவிடுவது சர்ஜ் கருவி. மெயின் பேனலில் ஒன்று, கன்ட்ரோலர் பெட்டிக்குள் இன்னொன்று. மொத்தம் எண்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே முடிந்தது. அதில் பெரும்பங்கு மண்ணுக்குள் போய்விட்டதால் வந்து பார்க்கிறவர்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லை.

2019-ல் மறுபடி ஒரு கன்ட்ரோலர் போர்டு போனது! சர்ஜ் கருவியின் அடையாளம் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று பச்சையாகவே இருக்க, பின்னால் இருந்த போர்டு எரிந்திருந்தது. கருவியைப் பெட்டியின் மேல் மூலையில் வைத்து, எர்த் ஒயரை ஓரமாக வளைத்து வளைத்து, இரண்டு மீட்டருக்கு மேல் அழகாகக் கொண்டுபோயிருந்தார்கள். சர்ஜ் கருவியின் ஒயர் மொத்தமாக அரை மீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். வேகமாக ஏறுகிற மின்னோட்டத்துக்கு ஒவ்வொரு மீட்டர் ஒயரும் ஒரு தடை. எர்த் கட்டையைக் கருவிக்குக் கீழேயே கொண்டுவந்து, ஒயரை ஒரு சாண் அளவுக்கு வெட்டினோம். ஐம்பது ரூபாய் வேலை. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் எதுவும் போகவில்லை. சர்ஜ் கருவியில் செருகுகிற மாட்யூல் மட்டும் இரண்டு தடவை சிவப்புக்கு மாறி, கழற்றிப் புதிதாகப் போட்டேன்.

2021 சித்திரை மழையில் இடி ஷெட் மேலேயே விழுந்தது. முகட்டில் பட்டாணி அளவு ஓட்டை, சுற்றிலும் பெயிண்ட் கருகல். கோழி ஒன்றும் சாகவில்லை, ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. கூரைத் தகடே இடியை வாங்கிக்கொள்ள ஜி.ஐ.யில் குறைந்தது அரை மில்லிமீட்டர் கனம் வேண்டும், அதுவும் ஓட்டை விழுந்தால் பரவாயில்லை என்கிற இடத்துக்கு. ஓட்டையே விழக்கூடாது என்றால் 4 மில்லிமீட்டர். எங்கள் தகடு பெயிண்டோடு சேர்த்தே 0.47. ஆகவே முகடு முழுக்க ஒரு பட்டையை ஓட்டி, இடையிடையே சின்னக் கம்பிகளை நிறுத்தினோம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது, மிச்சம் பிடிக்கப் பார்த்தேன்.

பராமரிப்பு பற்றி விற்கிறவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. கோழி எருவின் அமோனியா ஜி.ஐ.யைத் தின்கிறது. மூன்றாம் வருசம் ஒரு எர்த் குழியைத் திறந்து கிளாம்பைத் தொட்டால் பட்டை கையோடு வந்தது. செம்பு பூசிய ராடும் ஜி.ஐ. பட்டையும் ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டால் ஜி.ஐ.தான் அரிக்கும். இப்போது நடுவில் ஈயம் பூசிய கிளாம்பு, மேலே கிரீஸ், துணி டேப். பழைய மெயின் எர்த் குழியில் எங்கள் அப்பா காலத்து வழக்கப்படி உப்பும் கரியும் போட்டிருந்தார்கள். உப்பு பைப்பையே சல்லடையாக்கியிருந்தது. அதை மாற்றும்போது பென்டோனைட் களிமண் போட்டேன்.

எங்களுடையது சுக்கான் கல் பூமி. கார்த்திகையில் 4 ஓம் காட்டுகிற எர்த், வைகாசியில் 13-க்குப் போகிறது. 10-க்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதனால் மாசியிலிருந்தே கூலிங் பேட் வழிகிற தண்ணீரைக் குழிகளுக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். புனே வானிலை நிறுவனத்தின் ‘தாமினி’ செயலியும் போனில் இருக்கிறது. பக்கத்தில் மின்னல் காட்டினால் ஜெனரேட்டரை எடுத்துவிட்டு மெயினை இறக்கிவிடுவேன். டீசல் செலவுதான், ஆனால் தூக்கம் வருகிறது.

சரியாகாமல் இருப்பது இரண்டு. போர்வெல் ஸ்டார்ட்டர் 400 அடி தள்ளி இருக்கிறது, அங்கே சர்ஜ் கருவி போடாமல் விட்டதில் 2022-ல் காயிலும் மோட்டாரும் போயின. இன்னொன்று கட்டுத்தறி. மாட்டுக்கு முன்னங்காலும் பின்னங்காலும் தள்ளித் தள்ளி இருப்பதால், மண்ணில் பரவுகிற மின்சாரம் ஒரு காலில் ஏறி நெஞ்சு வழியாக மறு காலில் இறங்கும். பக்கத்தில் விழுந்தாலே போதும். 2016-ல் நார்வே மலையில் 323 கலைமான் ஒரே நேரத்தில் செத்தது அப்படித்தான். எங்கள் மாடு நிற்கும் சிமெண்ட் தளத்துக்கு அடியில் கம்பி வலை இல்லை. தளத்தை உடைத்துத்தான் போட வேண்டும். இப்போதைக்கு இரும்புத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டுவதை நிறுத்தி, கயிற்றில் மரமுளையில் கட்டுகிறோம். கறவை வற்றுகிற மாசத்தில் தளத்தை உடைக்கலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். போன வருசமும் அதைத்தான் சொன்னார்.