பெட்டியில் ‘ஜிபிஎஸ்’, வாட்ச்சுக்குள் இல்லை: ஓடுவதற்கு வாட்ச் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி அலுத்துப்போனவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்குத் தேடினால் வரிசையாக ‘ஜிபிஎஸ் ஸ்மார்ட்வாட்ச்’ வருகிறது. தலைப்பில் ஜிபிஎஸ், படத்தில் மலை ஏறும் ஆள், பெட்டியின் பக்கவாட்டில் செயற்கைக்கோள் சின்னம். வாங்கிக் கட்டிக்கொண்டு, போனை வீட்டில் வைத்துவிட்டு மெரினாவில் 10 கிலோமீட்டர் ஓடிவந்தால் வாட்ச் 8.4 என்கிறது. ஓடிய பாதை மேப்பில் இல்லவே இல்லை. விற்றவரைக் கேட்டால், “போனையும் கூட எடுத்துட்டுப் போகணும் சார், அப்பதான் ஜிபிஎஸ் வரும்” என்பார். அதை விற்கும்போது சொல்லியிருக்கலாமே என்றால், விவரப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ‘கனெக்டட் ஜிபிஎஸ்’ என்ற வரியைக் காட்டுவார். அதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடிந்திருக்கும்.

சந்தையில் ‘ஜிபிஎஸ்’ என்ற ஒரே பெயரில் மூன்று வகைச் சரக்கு ஓடுகிறது. ஒன்று, வாட்ச்சுக்குள்ளேயே சிக்னல் வாங்கும் சிப்பும் ஆன்டெனாவும் இருப்பது. இரண்டாவது, போனின் ஜிபிஎஸ்ஸை புளூடூத் வழியாகக் கடன் வாங்குவது. மூன்றாவதில் இரண்டுமே கிடையாது. காலடியை எண்ணி, ஓர் அடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று பெருக்கிச் சொல்லிவிடும். ‘ஜிபிஎஸ் மூவ்மென்ட் டிராக்’ போன்ற மழுப்பலான சொற்றொடரைப் பார்த்தால், அது இரண்டாவதோ மூன்றாவதோ என்று முடிவு கட்டிவிடலாம்.

இரண்டாவது வகையே மோசடி என்று சொல்லவில்லை. கார்மின் விவோஸ்மார்ட் 5, ஃபிட்பிட் இன்ஸ்பயர் 3 இரண்டும் போன் ஜிபிஎஸ்ஸை நம்பியவைதான். நிறுவனமே அதைச் சொல்லித்தான் விற்கிறது. விற்பவர் அந்த வரியை விழுங்குவதுதான் மோசடி. பெயரை வைத்து ஏமாற்றுவதும் உண்டு. அமேஸ்ஃபிட் பிப் யு-வில் ஜிபிஎஸ் கிடையாது, பிப் யு ப்ரோவில் உண்டு. பிப் 3, பிப் 3 ப்ரோ விஷயத்திலும் இதே கதை. ப்ரோவுக்கு எழுதிய விமர்சனத்தையும் வீடியோவையும் காட்டிச் சாதா மாடலைத் தள்ளிவிடுவது சுலபம். வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது.

போன் கூடவே இருந்தாலும் கடன் ஜிபிஎஸ்ஸில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. போனின் பேட்டரி சேமிப்பு முறை, பின்னணியில் ஓடும் ஆப்பைத் தூங்க வைத்துவிடும். அப்போது புள்ளிகள் வருவது நின்று, மறுபடி ஆப் விழிக்கும்போது இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு நேர்கோடு விழும். நீங்கள் வளைந்து வளைந்து ஓடியிருப்பீர்கள், மேப்பில் வீடுகளுக்குள் புகுந்து வந்தது போல இருக்கும். இருப்பிட அனுமதியை ‘எப்போதும்’ என்று மாற்றி, அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் ஓரளவு சரியாகும்.

காலடியை எண்ணும் வகைக்கு மருந்தே இல்லை. நிதானமாக ஓடும்போது அடியின் நீளம் ஒன்று, வேகமாக 400 மீட்டர் அடிக்கும்போது வேறு, ஏற்றத்தில் வேறு, நீண்ட ஓட்டத்தின் கடைசியில் கால் சோர்ந்தபோது வேறு. ஒரே எண்ணால் பெருக்கினால் தூரமும் தப்பு, பேஸும் (ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கு) தப்பு. அந்த பேஸை நம்பிப் பயிற்சி அட்டவணை போட்டால் மொத்தமும் கோணலாகப் போகும்.

வாங்கியவுடன், கெடு முடிவதற்குள், சோதித்துவிடுங்கள். போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு, திறந்த வெளியில் வாட்ச்சில் ‘வெளிப்புற ஓட்டம்’ தொடங்குங்கள். உண்மையான ஜிபிஎஸ் இருந்தால் சிக்னல் தேடுவதாகக் காட்டி, பிடித்த பிறகுதான் தயார் என்று சொல்லும். தேடாமலே உடனே எண்ணத் தொடங்கினால் சந்தேகப்படுங்கள். பிறகு இன்னும் உறுதியான சோதனை ஒன்று: போனை அணைத்துவிட்டுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்காருங்கள். ஓட்டப் பயன்முறையை ஓடவிட்டு, கையை மடியில் அசையாமல் வைத்திருங்கள். நான்கு நிறுத்தம் தாண்டியும் தூரம் பூஜ்யத்திலேயே நின்றால் உள்ளே ஜிபிஎஸ் இல்லை. இதையே மறுபக்கமும் செய்யலாம். திறந்த வெளியில் ஒரே இடத்தில் நின்று கையை மட்டும் ஐந்து நிமிடம் வீசினால் தூரம் மளமளவென்று ஏறுகிறதா? அப்படியென்றால் அது காலடி எண்ணி. இரண்டையும் திரை தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள். பின்னால் புகாருக்கு உதவும்.

அளவு எவ்வளவு சரி என்று பார்க்க 400 மீட்டர் தடகளப் பாதை இருக்கும் மைதானம் நல்லது. கூரையில்லாத பக்கமாகப் பாருங்கள். உள்ளடங்கிய முதல் லேனில் 10 சுற்று ஓடினால் 4 கிலோமீட்டர். இரண்டாவது லேனில் ஓடினால் சுற்றுக்கு ஏறக்குறைய 407 மீட்டர் வரும், அதை மறந்துவிட்டு வாட்ச்சைத் திட்டக்கூடாது. முடித்தபின் ஓட்டத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாக (ஓடிய பாதையைப் புள்ளி புள்ளியாகப் பதிந்த கோப்பு) வெளியே எடுத்து மேப்பில் போட்டுப் பாருங்கள். அப்படி எடுக்கவே வழியில்லாத ஆப் என்றால், அந்த வாட்ச்சை அன்றே திருப்பி அனுப்பலாம்.

மெரினாவில் சரியாகக் காட்டியது என்பதை மட்டும் சான்றாக எடுக்காதீர்கள். ஒரு பக்கம் கடல், மேலே முழு வானம். அங்கே சுமாரான சிப்கூடச் சமர்த்தாக நடந்துகொள்ளும். ஓஎம்ஆர் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில், மெட்ரோ பாலத்துக்கு அடியில், அடர்ந்த மரநிழலில் ஓடிப் பாருங்கள். செயற்கைக்கோள் சிக்னல் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வரும்போது கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதத்தை வாட்ச் தூரமாக எடுத்துக்கொள்வதால் கோடு சாலையைவிட்டு விலகும். செயற்கைக்கோள்கள் சிக்னல் அனுப்பும் அலைவரிசைகளில் எல்1, எல்5 என்று இரண்டு உண்டு. வழக்கமான எல்1-ஐவிட எல்5-ன் குறியீடு பத்து மடங்கு வேகமானது. அதனால் நேரே வந்த சிக்னலையும் பட்டுத் திரும்பியதையும் அது பிரித்தறிவது எளிது. இந்த இரண்டையும் கேட்கும் வாட்ச்சைத்தான் இரட்டை அலைவரிசை என்று விலை கூட்டி விற்கிறார்கள்.

இங்கேயும் வார்த்தை விளையாட்டு உண்டு. ‘ஐந்து செயற்கைக்கோள் அமைப்புகள்’ என்று போட்டிருந்தால் இரட்டை அலைவரிசை என்று அர்த்தமில்லை. அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ எல்லாவற்றையும் ஒரே எல்1 பகுதியில் கேட்கும் வாட்ச்கள் நிறைய இருக்கின்றன. கார்மினிலேயே ஃபோர்ரன்னர் 165-ல் இரட்டை அலைவரிசை கிடையாது. அதற்கு முன்பே வந்த 255-ல் உண்டு. புதிய மாடல் என்பதற்காக எல்லாம் கூடி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான நாவிக் பெயரைப் போட்டு விற்பதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நாவிக்கின் முந்தைய செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் அலைவரிசைகளில்தான் பேசும். எல்1 முதன்முதலாக வந்தது 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 கோளில்தான். எல்5 கேட்காத வாட்ச்சில் நாவிக் சின்னம் இருந்தால் அது பெரும்பாலும் அலங்காரம்.

இரட்டை அலைவரிசைக்குப் பேட்டரியில் விலை கொடுக்க வேண்டும். ஃபோர்ரன்னர் 255-க்கு நிறுவனம் சொல்வதே சாதா ஜிபிஎஸ்ஸில் 30 மணி, எல்லா அமைப்பும் இரட்டை அலைவரிசையும் சேர்ந்தால் 16 மணி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ‘14 நாள் பேட்டரி’ என்று இருப்பது ஜிபிஎஸ் போடாமல் கையில் கட்டியிருக்கும் கணக்கு. கேட்க வேண்டிய கேள்வி ‘ஜிபிஎஸ் ஓடிக்கொண்டிருந்தால் எத்தனை மணி நேரம்’ என்பது மட்டுமே.

எல்லாவற்றுக்கும் விற்றவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. மாரத்தான் 42.195 கிலோமீட்டர். முறையாக அளந்த பாதையை, வளைவுகளில் ஆகக் குறுகிய வழியாகச் சைக்கிளில் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்துக்கு ஒன்று, அதாவது சுமார் 42 மீட்டர், கூட்டியும் வைப்பார்கள். கூட்டத்தில் விலகி விலகி ஓடுகிறவர் கையில் 42.5 காட்டினால் வாட்ச் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. சிக்னல் பிடிக்கத் தாமதமாவதும் பல நேரம் பழுதல்ல. கோளின் சுற்றுப்பாதை விவரத்தை வானத்திலிருந்தே வாங்க நல்ல சிக்னலிலும் அரை நிமிடம் பிடிக்கும். போனோடு சின்க் செய்திருந்தால் அந்த விவரம் முன்கூட்டியே வாட்ச்சில் ஏறியிருக்கும். பல நாள் சின்க் செய்யாமல் எடுத்தால் காத்திருக்கத்தான் வேண்டும்.

கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் ஓடுகிறவர்கள், மலை ஏறுகிறவர்கள் வாட்ச்சில் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் காற்றழுத்தமானி இருக்கிறதா என்று பாருங்கள். ஜிபிஎஸ் சொல்லும் உயரத்தில் பிழை அதிகம். ஃபோர்ரன்னர் 55 உண்மையான ஜிபிஎஸ் வாட்ச்தான், ஆனால் அதில் காற்றழுத்தமானி இல்லை. நாடித்துடிப்பு பற்றி ஒரே வரி: மெதுவாக ஓடும்போதும் 170-180 என்று ஒட்டிக்கொண்டு நின்றால் சென்சார் துடிப்பை விட்டுவிட்டு, நிமிடத்துக்கு நீங்கள் வைக்கும் காலடியை எண்ணுகிறது, துடிப்பை மார்பிலேயே அளக்கும் பட்டையை இணைக்க முடிகிற வாட்ச்சாக வாங்குங்கள்.

அடுத்தது, நல்ல பிராண்டையே மலிவாகத் தருகிறேன் என்பவர்கள். வெளிநாட்டுச் சரக்கு, பெட்டி பிரித்த சரக்கு, பழுது பார்த்த சரக்கு எல்லாம் ‘புதுசு’ என்ற பெயரில் வரும். முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதமும் ஆண்டும், எந்த நாட்டில் செய்தது, புகார் எண் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். ஆர் எழுத்தில் தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் எந்த நிறுவனத்துக்கு உரியது என்று வந்துவிடும். ஸ்டிக்கர் இல்லாத வாட்ச் அசலாகவே இருக்கலாம். ஆனால் பழுதானால் இங்கே சர்வீஸ் சென்டரில் “இது எங்க சரக்கு இல்லீங்க” என்று அனுப்பிவிடுவார்கள்.

பெட்டியைப் பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுங்கள். முதலில் பின்பக்கத்தைத் திருப்பி, சார்ஜ் ஏற்றும் ஊசிமுனைகளைப் பாருங்கள். புதிதில் அவை பளபளவென்று இருக்கும். மங்கியோ, ஓரத்தில் பச்சை படிந்தோ இருந்தால் யாரோ வியர்வையோடு கட்டி ஓடியிருக்கிறார்கள். பக்கவாட்டில் ஊசித்துளை மாதிரி இருக்கும் காற்றழுத்தமானித் துவாரத்தில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கிறதா, ஸ்ட்ராப்பில் ஏதாவது ஓர் ஓட்டை மட்டும் நீண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். முதல்முறை ஆன் செய்யும்போது மொழி தேர்வுத் திரையில் தொடங்க வேண்டும். அமைப்புகளுக்குள் இருக்கும் சீரியல் எண், பெட்டியில் இருப்பது, பில்லில் இருப்பது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு முழு சார்ஜில் ஒரு மணி நேரம் ஜிபிஎஸ் ஓட்டம். 20 மணி என்று சொன்ன வாட்ச் 5 சதவீதம் குறைய வேண்டும்; 7, 8 போனால் விடலாம், 15 போனால் அது பழைய பேட்டரி.

தண்ணீர் விஷயத்தில் சர்வீஸ் சென்டர் கையில்தான் பலர் நொந்துபோகிறார்கள். வாட்ச்சில் நீர்த்தாங்கும் திறனாகப் போட்டிருக்கும் 5 ஏடிஎம் என்பது அசையாத நீரில் 50 மீட்டர் ஆழத்து அழுத்தத்துக்குச் சமமான சோதனை. 50 மீட்டர் முக்குளிக்கலாம் என்பதல்ல. வெந்நீரும் சோப்பும் ரப்பர் அடைப்பைக் கெடுக்கும், தண்ணீருக்குள் பட்டனை அழுத்தினால் உள்ளே இழுக்கும். பழுதுக்குக் கொடுக்கும்போது நான்கு பக்கமும் படம் எடுத்து, ஜாப் ஷீட்டில் (பழுதுக்கு வாங்கிக்கொண்டதற்கு அவர்கள் எழுதித் தரும் சீட்டு) ‘கண்ணாடியில் கீறல் இல்லை, உள்ளே ஈரம் தெரியவில்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். வாட்ச்சைத் திறந்து பார்க்காமலே ‘நீர் சேதம்’ என்று எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் உத்தரவாதம் அங்கேயே முடிந்தது.

ஏமாந்துவிட்டால் முதல் வேலை, விற்பனைப் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. புகார் போன பிறகு அந்தப் பக்கத்தில் ‘கனெக்டட்’ என்ற சொல் புதிதாக முளைக்கலாம். புகாரில் ‘ஜிபிஎஸ் சரியாக வேலை செய்யவில்லை’ என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் பழுது என்று எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவார்கள். அங்கே ‘சோதித்தோம், நன்றாக இருக்கிறது’ என்று திரும்பும், நாள்கள் ஓடிவிடும். ‘விளம்பரத்தில் சொன்ன உள்ளமைந்த ஜிபிஎஸ் இந்தப் பொருளில் இல்லை, பணத்தைத் திருப்பித் தரவும்’ என்று எழுதுங்கள். பேருந்து வீடியோவையும் பில்லையும் இணையுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால், 2020 மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்தாக வேண்டும். நகராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் முடியவில்லை என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வாட்ச்சை மட்டும் அதுவரை அழித்து ரீசெட் செய்யாமல், சீரியல் எண் தெரியும் நிலையில் பெட்டியோடு எடுத்து வையுங்கள்.