ஆல்பைன் ஏ290-ஆ, அபார்த் 500இ-யா?

குட்டியாக, துடிப்பாக ஒரு மின்கார் தேடினால் இந்த இரண்டும் கண்ணில் படும். அபார்த்தின் பேட்டரி 42 கிலோவாட் மணி. டபிள்யூஎல்டிபி (வாகனங்களைச் சோதிக்கும் தரமுறை) கணக்கில் ஒரு முழுச் சார்ஜுக்கு அதிகபட்சம் சுமார் 265 கி.மீ. நெடுஞ்சாலையில் விரட்டினால் அதுவும் மளமளவென்று கரையும். ஆல்பைனில் 52, வேகமான ஜிடிஎஸ் ரகமே 360-ஐத் தாண்டுகிறது. நெடும்பயணம் போகிறவருக்கு விஷயம் இங்கேயே முடிந்தது.

அதிவேகச் சார்ஜிங்கில் அபார்த்துக்கு 85 கிலோவாட், ஆல்பைனுக்கு 100. பெரிய வித்தியாசமில்லை.

நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட அபார்த்துக்கு 7 நொடி, 220 குதிரைத்திறன் ஜிடிஎஸ்ஸுக்கு 6.4. எண்களில் அகப்படாத ஒன்றும் உண்டு: அபார்த் பெட்ரோல் எஞ்சின் போல ஒலிபெருக்கியில் உறுமும். எனக்கென்றால் இரண்டாம் நாளே அணைத்துவிடுவேன். பின்னிருக்கையில் ஆள் ஏற்றுவீர்களா? ஐந்து கதவுள்ள ஆல்பைன்தான்.