கியர் இல்லாத லேடீஸ் சைக்கிள்: மாரியிலும் கோடையிலும் ஓடிப் பார்த்த பிறகு

பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கத் தொடங்குகிறவர்கள், முதலில் என்ன சாமான் வாங்க வேண்டும் என்று என்னிடம் கேட்பதுண்டு. டப்லட், பிரிண்டர், வெள்ளைப் பலகை என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் சைக்கிள் என்றுதான் சொல்வேன். அதுவும் கியர் இல்லாத, சீற்றுக்கு முன்னால் குறுக்குப் பாற் இல்லாத, கரியர் பூட்டிய சாதாரண 26 அங்குல லேடீஸ் சைக்கிள். எங்கள் வீட்டில் உடற்பயிற்சிக்கு ஒரு நேரம், படிப்புக்கு ஒரு நேரம், சந்தைக்கு ஒரு நேரம் என்று மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இருந்தன. இந்தச் சைக்கிள் வந்த பிறகு மூன்றும் ஒரே பாதையில் ஓடுகின்றன. அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் வட்டக்கச்சியில் இருக்கிறோம். மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு ஏழு. மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருக்கிறது. கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் பூட்டியபோது மகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினோம். பிறகு மகனின் உடம்பையும் பார்த்து அப்படியே தொடர்ந்துவிட்டோம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடப்புத்தகங்களை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அதனால் என்ன படித்தோம் என்பதை நாள்வாரியாக ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். அந்தக் கொப்பியில் சைக்கிள் என்ற சொல் எத்தனை பக்கங்களில் வருகிறது என்பதைப் பார்த்தாலே நான் சொல்ல வருவது விளங்கும்.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு சின்னக் கடையில் வாங்கினோம். சட்டம், சில்லு, செயின் எல்லாம் தனித்தனியாக வந்து, அங்கேயே பூட்டிக் கொடுக்கிறார்கள். 48,500 ரூபா. செயின் கவர், ஸ்ராண்ட், கரியர், பின்சில்லில் உடுப்பு மாட்டாமல் இருக்கும் வலை எல்லாம் அந்த விலைக்குள் அடக்கம். நான் முதலில் கியர் வைத்த ஒன்றின் பக்கம்தான் போனேன். கடைக்கார அண்ணை எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். வட்டக்கச்சி என்றதும், "அப்ப கியர் வேண்டாம் தங்கச்சி. கிரவல் தூசி செயினுக்கை போய் மாசத்துக்கொருக்கா இஞ்ச கொண்டு வருவீங்கள். எனக்கு லாபம், உங்களுக்கு நட்டம்" என்றார். விலை கூடிய சாமானை விற்காமல் இப்படிச் சொல்கிற கடைக்காரர் அருமை. அவர் சொன்னது முழுக்க உண்மை. எங்கள் பக்கம் மேடு பள்ளம் என்று பெரிதாக எதுவும் இல்லை. குளக்கட்டில் ஏறும் இடம் ஒன்றைத் தவிர கியருக்கு வேலையே கிடையாது.

ஒன்றை மட்டும் கடையிலேயே மாற்றச் சொல்லுங்கள். பெண்கள் சைக்கிள் வாங்கினால், இரண்டு காலும் நிலத்தில் படும்படி சீற்றைத் தாழ்த்தித்தான் தருவார்கள். அப்படி ஓடினால் முழங்கால் முழுதாக நீளாது. கொஞ்சத் தூரத்திலேயே முழங்கால் நோகும். பிறகு "சைக்கிள் எனக்கு ஒத்துவராது" என்று மூலையில் சாத்திவிடுவோம். பெடல் கீழே இருக்கும்போது குதிக்காலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். அந்த உயரம்தான் சரி. இறங்கும்போது முன்பாதம் மட்டும் நிலத்தில் பட்டால் போதும்.

இனிப் படிப்பு. மகளுக்கு விகிதம் பிடிபடாமல் இருந்தது. புத்தகத்தில் இருந்த பழச்சாறும் சீமெந்துக் கலவையும் அவளுக்கு ஏறவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, செயின் கவரைக் கழற்றிவிட்டுப் பற்களை எண்ணச் சொன்னேன். ஒரு பல்லில் சோக்கால் கோடு போட்டுத் தொடங்கினாள். முன்னால் பெடலோடு சுற்றும் பெரிய பற்சில்லில் 44. பின்னால் பிறீவீல் என்கிற சின்னப் பற்சில்லில் 18. பெடலை ஒரு முறை சுற்றினால் பின்சில்லு எத்தனை முறை சுற்றும்? கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு முழுச் சுற்றும் இன்னொரு அரைவாசிக்குக் கொஞ்சம் குறைவாகவும் வந்தது. 44ஐ 18ஆல் வகுத்தாள். 2.44. தானாகவே தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அடுத்து ரயரின் சுற்றளவு. 26 அங்குலத்தை 22/7ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 82 அங்குலம், அதாவது இரண்டு மீற்றருக்குச் சற்றுக் கூட. ஆகவே ஒரு மிதிக்கு ஐந்து மீற்றர். நம்பாமல் முற்றத்தில் கயிறு பிடித்து அளந்தாள். கொஞ்சம் குறைந்தது. ஏன் குறைந்தது என்று கேட்டபோது தம்பிதான் சொன்னான், அக்கா ஏறி இருந்ததும் ரயர் சப்பையாகிவிட்டது என்று. அன்றைக்குக் கணக்கும் விஞ்ஞானமும் சேர்த்து ஒரு காலைப் பொழுது போனது. இருவருக்கும் நான் எதையும் மனனம் பண்ணக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் வாய்க்கால் பாலத்திலிருந்து கடை வரைக்கும் எத்தனை மிதி என்று எண்ணித் தூரம் சொல்கிறாள்.

ஒட்டுப் போடுவதும் அப்படித்தான். கோடையில் நெருஞ்சி முள், வாய்க்கால் கரையில் உடை மரத்து முள். ரியூப் காற்றுப் போவதைத் தவிர்க்கவே முடியாது. பேசினில் தண்ணீர் எடுத்து, ரியூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைப் பிடிப்பது மகனின் வேலை. அந்த இடத்தைத் துடைத்து உலர்த்தி, அரத்தாளால் தேய்த்து, சொலுசன் பூசி, அது காயும் வரை ஒட்டாமல் காத்திருப்பதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய பாடம். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பிடிக்காது. பொறுமை என்று நான் வாயால் சொல்லி வராததை அந்தச் சொலுசன் சொல்லிக் கொடுத்தது. அப்புறம் ரயரின் உள்பக்கத்தைக் கையால் தடவி முள் இன்னும் நிற்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பழைய முள்ளை எடுக்காமல் புது ஒட்டுப் போட்டால் அடுத்த நாளே திரும்பவும் பேசின்தான்.

உடம்பைப் பற்றி. வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும், பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக ஒரு மணித்தியாலம் ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு மணித்தியாலம் தானாக அமையாது. பாடசாலைக்கு நடந்து போகிற நடையும் இடைவேளை விளையாட்டும் அவர்களுக்கு இல்லையே. நாங்கள் விடியற்காலையில், வெயில் ஏற முன்னர், வாய்க்கால் வீதியால் இரணைமடுக் குளத்துப் பக்கம் போய் வருகிறோம். மகள் தன் சின்னச் சைக்கிளில், மகன் என் கரியரில். குளக்கட்டு வந்ததும் மகன் இறங்கி அக்காவின் சைக்கிளை வாங்கி ஓடுவான், மகள் நடப்பாள். கைத்தொலைபேசி பையில்தான் இருக்கும், எடுப்பதில்லை.

மூச்சைக் கவனித்து ஓடுவது எங்களுக்கு மகனால் வந்த பழக்கம். கிளினிக்கில் சொன்னபடி முதல் கொஞ்ச நேரம் மிக மெதுவாக ஓடுவோம். தொய்வுக்காரருக்கு எடுத்த எடுப்பிலேயே வேகம் கூடாது. வாயைப் பூட்டி மூக்கால் மட்டும் மூச்சு. நாலு மிதிக்கு உள்ளே, ஆறு மிதிக்கு வெளியே. மூக்கால் முடியாமல் வாய் திறந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம், குறைக்க வேண்டும். கியர் இல்லாத சைக்கிள் இதற்கு நல்லது. மாற்றுவதற்கு எதுவும் இல்லாததால் கவனம் முழுக்கக் காலிலும் மூச்சிலும் நிற்கிறது. இப்போது மகன் தனக்கு இழுக்கத் தொடங்குவதை எங்களுக்குத் தெரிவதற்கு முன்னமே கண்டுபிடித்துச் சொல்கிறான். "அம்மா, நாலு வரேல்லை, மூண்டுதான் வருது" என்பான். உடனே நிற்பாட்டி விடுவோம். இன்ஹேலர் எப்போதும் என் பையில் இருக்கும். சைக்கிள் மருந்துக்குப் பதில் இல்லை. மருந்தை நிறுத்திப் பார்க்க யாரும் நினைக்க வேண்டாம்.

குறைகளும் இருக்கின்றன. பெரிய குறை பிரேக். சில்லின் றிம் பளபளப்பான இரும்பு. மாரியில் நனைந்தால் பிரேக் கட்டை பிடிக்காமல் வழுக்கும். உலர்ந்த வீதியில் நிற்கிற தூரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஓடித்தான் நிற்கும். நிற்க வேண்டிய இடத்துக்கு முன்னமே இலேசாக இரண்டு முறை பிடித்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பிறகு இறுக்கிப் பிடிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். கூடவந்த கட்டைகள் கல்லு மாதிரி. நான் மாற்றிவிட்டேன். மணி முதல் மாரியிலேயே துருப்பிடித்தது. சீற்றும் அகலம் போதாது, ஆனால் பழகிவிட்டது.

கரியரில் பிள்ளையை ஏற்றுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனமாக வாசியுங்கள். பின்சில்லின் கம்பிக்குள் பிள்ளையின் குதிக்கால் போனால் சதை கிழிந்துவிடும். எங்கள் ஊரில் இப்படிக் காயப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். உடுப்பு வலை ஒரு பக்கம் பாதிதான் மறைக்கிறது. கால் வைக்க இரண்டு பக்கமும் கம்பி பூட்டி, வலையை முழுச்சில்லுக்கும் நீட்டிக் கட்டச் சொல்லுங்கள். கடைக்கார அண்ணை கூலியாகச் சின்னத் தொகைதான் எடுத்தார். பிள்ளைகளுடன் ஏ-9 வீதியில் ஏற வேண்டாம். பஸ்ஸும் லொறியும் போகிற வேகத்தில் ஒதுங்கவே இடம் இருக்காது. உள்வீதிகள் இருக்கின்றன, சுற்றினாலும் பரவாயில்லை.

சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் திட்டத்தை மாற்ற வேண்டும். குளக்கட்டில் எதிர்காற்றுக்கு மிதிப்பது பெரியவர்களுக்கே கடினம். போகும்போது காற்றுக்கு எதிராகவும், களைத்துத் திரும்பும்போது காற்றோடும் வருகிற மாதிரிப் பாதையை வைத்துக்கொள்கிறோம். எந்தப் பக்கமிருந்து காற்று, அது ஏன் கார்த்திகையில் மாறுகிறது என்று மகள் வரைந்த படம் சுவரில் இருக்கிறது. மாரியில் குளம் நிரம்பி வான் கதவு திறந்திருக்கும் நாட்களில் அந்தப் பக்கம் போவதே இல்லை.

என் மாமிக்கு இந்தச் சைக்கிள் மேல் தனி மரியாதை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் பெற்றோல் என்பது காணாத பொருள். நெல்மூட்டை, விறகு, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போனது. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோதும், கியூஆர் அட்டை வந்தபோதும் ஊரே மறுபடி சைக்கிளைத் துடைத்து எடுத்தது. மாமி செயினுக்கு எண்ணெய் போடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்கிறார். மண்ணெண்ணெய்த் துணியால் பழைய அழுக்கைத் துடைத்து, செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய். கிறீஸை அப்பினால் கிரவல் தூசி ஒட்டிக்கொள்ளும் என்பது அவருடைய கட்சி. அவர் சொல்கிற மாதிரிச் செய்ததில் செயின் சத்தமே போடவில்லை. அந்தக் காலத்துக் கதைகள் எங்கள் வீட்டு வரலாற்றுப் பாடம். புத்தகத்தில் இல்லாததை அவரிடம் கேட்டு மகள் எழுதி வைக்கிறாள்.

சாப்பாட்டிலும் இது கை வைத்துவிட்டது. முன்பு வாரத்துக்கு ஒரு முறை சந்தைக்குப் போய் மொத்தமாக வாங்குவதால் மரக்கறி வாடிவிடும். இப்போது திரும்பும் வழியில் தோட்டக்காரரிடமே வல்லாரை, முசுமுசுக்கை, கீரை என்று அன்றன்றைக்கு வாங்கிக் கூடையில் போட்டு வருகிறோம். காலையில் இலைக்கஞ்சி, மொட்டைக்கறுப்பன் அரிசியில். ஓடிவிட்டு வந்த பசியில் பிள்ளைகள் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். பாணுக்கும் பிஸ்கட்டுக்கும் அழுத அதே பிள்ளைகள்.

யாருக்கு இது சரிவராது? தினமும் கிளிநொச்சி தாண்டி நெடுந்தூரம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதன் பாரம் அதிகம். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் காட்டு வீதியில், யானை நடமாட்டம் உள்ள இடங்களில், விடியற்காலைச் சவாரி கூடவே கூடாது. மற்றபடி வன்னியில் குளத்தடியிலோ வாய்க்காலடியிலோ இருக்கிற, பிள்ளைகளோடு பொழுதைக் கழிக்கிற எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் நான் தயங்காமல் சொல்வேன். என் கணவரும் இப்போது பின்னேரத்தில் வயலுக்கு மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு இதில்தான் போகிறார். சீற்றைத் திரும்ப இறக்க மறந்துவிடுவதுதான் வீட்டில் இப்போதைய சண்டை.

வாங்கிய முதல் மாதம் முடியும்போது ஒருமுறை கடைக்குக் கொண்டுபோங்கள். புதுச் சில்லின் கம்பிகள் இளகும், நேராக்கித் தர வேண்டும். அந்த அண்ணை இதற்குக் காசு எடுப்பதில்லை. காலையிலேயே விட்டுவிடுங்கள். பாடசாலை விட்ட பிறகு போனால் காற்றடிக்க நிற்கிற பிள்ளைகளின் வரிசை சந்தை மூலை வரைக்கும் வந்துவிடும்.