ரோமப் பேரரசை நாள்கணக்கில் அளந்து காட்டும் ஆர்பிஸ்: ஒரு மதிப்புரை

ரோமப் பேரரசின் பரப்பைப் பாடநூல்களில் ஒரே நிறம் பூசிய வரைபடமாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். பேரரசர் டிராஜன் இறந்த கி.பி. 117-இல் ஏறத்தாழ 50 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம் ரோமின் ஆட்சியில் இருந்தது என்ற செய்தி அந்தப் படத்திலிருந்து கிடைக்கும்; அவ்வளவு நிலத்தை ஒரு நகரம் எப்படிப் பிடித்தது, எல்லை ஏன் அங்கேயே நின்றது என்பவை கிடைக்கமாட்டா. இந்தக் கேள்விகள் உள்ளவர்களுக்கு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் ஷைடல், எலைஜா மீக்ஸ் ஆகியோரின் முயற்சியில் உருவாகி 2012-இல் வெளிவந்த ஆர்பிஸ் என்னும் இணையச் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். இதற்குக் கட்டணம் இல்லை.

பயன்படுத்தும் முறை எளிது. புறப்படும் ஊர், சேரும் ஊர், பருவம், பயண முறை ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, விரைவான வழி வேண்டுமா மலிவான வழி வேண்டுமா என்று குறிப்பிட்டால், சாலை, ஆறு, கடல் ஆகியவற்றை இணைத்த பாதை வரைபடத்தில் விரிகிறது. பயணத்துக்கு எத்தனை நாள் ஆகும், ஒரு கிலோ கோதுமையைக் கொண்டுசெல்ல எத்தனை டெனாரியஸ் (ரோம நாணயம்) செலவாகும் என்ற கணக்கும் உடன் வருகிறது. மாட்டுவண்டிக்கு நாளொன்றுக்கு 12 கிலோமீட்டர், குதிரை மாற்றி ஓடும் அஞ்சலுக்கு 250 கிலோமீட்டர் என வேகங்கள் வகுக்கப்பட்டுள்ளன. செலவுக் கணக்குக்கு அடிப்படை, கி.பி. 301-இல் பேரரசர் டயோக்ளீஷியன் வெளியிட்ட விலை ஆணை.

இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு, பேரரசு வளர்ந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு பாதைகளைத் தேடும்போதுதான் தெரிகிறது. இத்தாலிக்கு வெளியே ரோம் முதலில் பெற்ற நிலம், கி.மு. 241-இல் வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜிடமிருந்து கைக்கு வந்த சிசிலித் தீவு. அடுத்து சார்டீனியா, பிறகு ஸ்பெயினின் கடற்கரைகள், கி.மு. 146-இல் கார்த்தேஜும் கிரேக்க நகரமான கொரிந்துவும். இவை அனைத்தும் கடலோரங்கள். ஆர்பிஸில் கோடைக்காலத்தைத் தேர்ந்து பார்த்தால், ஆப்பிரிக்கக் கரையிலுள்ள கார்த்தேஜுக்குக் கோதுமை அனுப்புவது, இத்தாலிக்குள்ளேயே வண்டியில் ஏற்றி மலை கடப்பதைவிட மலிவாக இருப்பது புலப்படும். மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பேரரசு படர்ந்ததற்குப் படைவலிமை மட்டுமே காரணம் அன்று என்பதை வேறெந்த வரைபடமும் எனக்கு இவ்வளவு தெளிவாக உணர்த்தியதில்லை.

காற்றையும் கணக்கில் எடுத்திருப்பது பாராட்டுக்குரியது. கி.மு. 30-இல் எகிப்து ரோமின் வசமானபின் அதன் தானியம் தலைநகருக்கு உணவளித்தது. ஆனால் கோடையில் வடமேற்கிலிருந்து வீசும் காற்றால், ரோமிலிருந்து அலெக்சாண்டிரியா செல்வது விரைவு, சரக்கோடு திரும்புவது தாமதம். ஆர்பிஸ் இரண்டு திசைக்கும் தனித்தனி நாள்கணக்கைத் தருகிறது. ஆறுகளிலும் நீரோட்டத்தோடு செல்வதும் எதிர்த்துச் செல்வதும் வேறுபடுத்தப்பட்டுள்ளன. வடக்கே எல்லைப்படைகள் ரைன், டான்யூப் ஆறுகளை ஒட்டி நிலைகொண்டதன் பொருள் இங்கே விளங்குகிறது. கி.பி. 9-இல் ரைனுக்கு அப்பால் ஜெர்மானியரின் டியூட்டோபர்க் காட்டில் மூன்று லீஜியன்கள் (ரோமப் படைப்பிரிவுகள்) அழிந்தது பெரிய அடிதான். எனினும் எல்லை அங்கேயே நின்றதற்கு, ஆற்றுவழியை விட்டு அப்பால் படையை நிறுத்தி உணவூட்டுவது எத்தகைய சுமை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

குறைகளும் உண்டு. இது கி.பி. 200-ஐ ஒட்டிய நிலையை மட்டுமே காட்டுகிறது. ஆண்டை நகர்த்தி எந்த மாகாணம் எப்போது சேர்ந்தது என்று பார்க்க வழியில்லை. கி.பி. 106-இல் டேசியா (இன்றைய ருமேனியப் பகுதி) சேர்ந்ததும், 116-இல் டிராஜன் பிடித்த மெசப்பொத்தேமியாவை மறு ஆண்டே அவருக்கு அடுத்த பேரரசர் ஹேட்ரியன் கைவிட்டதும் நாமே அறிந்துகொண்டு வர வேண்டியவை. ஊர்ப்பெயர்கள் லத்தீனில் இருப்பதால், லண்டனை லொண்டினியம் என்று தேடத் தெரிந்திருக்க வேண்டும். விடைகள் சராசரி மதிப்பீடுகளே. எந்தத் தனி மனிதரின் பயணத்தையும் இவற்றைக் கொண்டு அளக்கக் கூடாது.

தமிழ் வாசகர் ஒருவர் இயல்பாகவே சேரர் துறைமுகமான முசிறியைத் தேடுவார். அது இதில் இல்லை. எகிப்து கைவந்தபின் செங்கடல் துறைமுகமான மியோஸ் ஹோர்மோஸிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டதாகப் பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். மிளகு ஏற்றி வந்த அந்தப் பருவக்காற்று வழியையும் இதே முறையில் கணக்கிட்டுச் சேர்த்தால், எல்லைக்கு வெளியே ரோமின் பணம் சென்ற தொலைவையும் இச்சேவை காட்டிவிடும்.